மா மேல் மா

லக்கலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பழைய ஊரையே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். 2018-ல் களு கங்கை நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கினார்கள். பழைய கடைத்தெரு உள்ளே போனது. அடுத்த வருடம் புது நகரத்தைத் திறந்தார்கள். இன்னொரு பக்கம் மொறகஹகந்த நீர்த்தேக்கம். மேற்கே ரிவர்ஸ்டன் மலையில் எப்போது பார்த்தாலும் மழை, இல்லாவிட்டால் மூடுபனி. இவ்வளவு தண்ணீரில் ஒரு சொட்டிலும் உப்புக் கிடையாது. மாத்தளை கடலைத் தொடாத மாவட்டம். அதிலும் நாங்கள் நக்கிள்ஸ் மலைக்குப் பின்புறத்து ஆட்கள். திருகோணமலைக்குப் போனாலும் வாழைச்சேனைக்குப் போனாலும் நூறு கிலோமீற்றருக்குக் குறையாத வழி.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என் அண்ணன் மகள் சொன்னாள்: "அத்தை, இந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன். சீஃபூட் மெக் அண்ட் சீஸ். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். ரொம்ப ஈஸி."

டொரொன்டோவில் பிறந்தவள். விடுமுறைக்கு வந்தவளைப் பிட்டவல பத்தனைக்குக் கூட்டிப்போய் அட்டைக்கடி வாங்கிக் கொடுத்தோம். என் அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்துக் கண்ணீர் விடவைத்தார். அதற்கெல்லாம் நன்றிக்கடன் செலுத்த நினைத்திருக்கிறாள், பாவம். கைபேசியில் எழுதி வைத்திருந்த சாமான் பட்டியலை வாசித்தாள். மக்கரோனி, செடார் சீஸ், குருயேர் சீஸ், பட்டர், பால், சிங்க இறால், சாதா இறால், கணவாய், நண்டுச் சதை. எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதில மக்கரோனி நம்ம முக்குக் கடையில இருக்கு" என்றார்.

ஈஸி என்று அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் ஊரில் அது சோம்பேறிகளின் சாப்பாடுதான். 1937-ல் கிராஃப்ட் கம்பனி மக்கரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் போட்டு அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. விலை 19 சதம். நாலு பேருக்கு ஒன்பது நிமிடத்தில் சாப்பாடு என்று விளம்பரம் செய்தார்கள். உலகப் பொருளாதாரம் படுத்திருந்த காலம், நன்றாக விற்றது. பிறகு யுத்தம் வந்து பங்கீட்டு முறை வந்தபோது ஒரு முத்திரைக்கு இரண்டு பெட்டி கிடைத்ததாம், இன்னும் நன்றாக விற்றது. கனடாக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பெட்டியை விட்டபாடில்லை. என் அண்ணி இரவு வேலைக்குப் போன நாட்களில் இந்தப் பிள்ளை தானே அடுப்பேற்றித் தின்று வளர்ந்த சாப்பாடு அது. அதில் கடல் சாமானைச் சேர்த்து, மேலே ரொட்டித் தூள் தூவிப் போறணையில் வைத்து எடுத்தால் அதுவே நட்சத்திர ஹோட்டல் பண்டமாகிவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நகை போட்டு மேடையேற்றும் வேலை.

அதற்கு முன்னால் அது பணக்காரச் சாப்பாடாக இருந்தது என்பது வேறு கதை. அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் 1802-ல் தன் மாளிகை விருந்தில் மக்கரோனிப் பணியாரம் ஒன்று பரிமாறினார். விருந்துக்குப் போன மனாசே கட்லர் என்ற பாதிரியார், அவர் காங்கிரஸ் உறுப்பினரும் கூட, அதற்குள் இருந்தது வெங்காயத் தண்டு என்று நினைத்துக்கொண்டாராம். ருசி கடுமையாக இருந்தது, பிடிக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஜெபர்சன் பிரான்சுக்குப் போனபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற தன் அடிமையைக் கூடவே கூட்டிப்போய், பாரிஸ் சமையல்காரர்களிடம் விட்டுத் தொழில் பழக்கியிருந்தார். இந்த மாதிரிச் சமையல் எல்லாம் அமெரிக்காவில் இறங்கியதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்குண்டு. அடுப்படியில் வெந்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிறந்த எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நம் நாட்டில் மக்கரோனி வேறு ஆள். அவித்து வடித்து, வெங்காயம், பச்சை மிளகாய், லீக்ஸ், முட்டை போட்டுத் தாளித்து, சோயா சோஸ் ஊற்றிப் பிரட்டி, பாடசாலைக்குப் போகிற பிள்ளையின் டப்பாவில் அடைக்கிற சாமான். சிலர் டின் மீனும் போடுவார்கள். கொழும்பில் பறங்கியர் வீடுகளில் சீஸ் போட்டு வாட்டுவார்கள் என்று கேள்வி. எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் ரிவர்ஸ்டன் ஏறி வரவில்லை.

செய்முறையை மருமகள் அம்மாவுக்கு விளக்கியதைக் கேட்டிருக்க வேண்டும். அம்மா ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். சம்பளத்தில் அரிசிக்கும் மாவுக்கும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைத்த காலத்து ஆள். கோதுமை மாவின் வரலாறு அவர் வயிற்றில் எழுதியிருக்கிறது. பிஎல் 480 திட்டத்தில் அமெரிக்கக் கப்பலில் வந்த மாவு தெரியும். எழுபதுகளில் பாணுக்கு விடியுமுன் போட்ட வரிசை தெரியும். 1980-ல் திருகோணமலையில் பிரிமா ஆலை ஓட ஆரம்பித்த பிறகு வந்த மாவும் தெரியும்.

"இந்த மக்கரோனி எதில செய்யிறது?"

"கோதுமை மாவுல அப்பாச்சி."

"அதுக்கு மேல ஊத்துற குழம்பு?"

"வைட் சோஸ். பட்டர்ல மா போட்டு வறுத்து, பால் ஊத்திக் காய்ச்சணும்."

"மேல தூவுறது?"

"பாண் தூள்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "மா மேல மா ஊத்தி, அதுக்கு மேல மா தூவுறது. இதுக்கு எதுக்குடி கடலுக்குப் போற? ரொட்டி சுட்டா முடிஞ்சது வேலை."

மேல்நாட்டுச் சமையல் நூல்கள் எத்தனையோ புரட்டியிருக்கிறேன். இந்தப் பண்டத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் எந்த நூலும் சொல்லவில்லை.

சீஸ் விஷயம் முதலில் வந்தது. எங்கள் புது நகரத்தில் அரச கட்டடங்கள் புதுசு, தெருவிளக்குப் புதுசு, நடைபாதைக் கல் புதுசு. சீஸ் மட்டும் அந்த வட்டப் பெட்டியில் முக்கோணமாக வெள்ளித்தாள் சுற்றி வருகிற பழைய சீஸ்தான். என் சின்ன வயதில் சீஸ் என்றாலே நீல டின். வெளிநாட்டுக்குப் போனவர் வீட்டு அலுமாரியில், திறக்காமல், விருந்தாளி கண்ணில் படும்படி இருக்கும். குருயேர் என்ற பெயரைக் கடைக்காரரிடம் உச்சரித்துக் காட்டச் சொல்லி மருமகளை அனுப்பினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது காய்ச்சல் மருந்தா இருமல் மருந்தா என்று விசாரித்து, பார்மசிக்கு வழி காட்டினார்.

செடார் மாத்தளையிலிருந்து வந்தது. அங்கே இருக்கிற என் கொழுந்தனார் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, பஸ் நிலையத்தில் கொண்டக்டரிடம் ஒப்படைத்தார். இந்த நாட்டில் தபால் துறைக்கு அடுத்த பெரிய பார்சல் சேவை பஸ் கொண்டக்டர்கள்தான். மருந்து, பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, உயிர்க் கோழி, எதுவும் போய்ச் சேரும். வெயில் படாமல் வைக்க வேண்டும், உருகிவிடும் என்று கொழுந்தனார் சொல்லி அனுப்ப, கொண்டக்டர் அதை இயந்திர மூடிக்குப் பக்கத்தில் வைக்காமல் யன்னல் பக்கம் காற்றுப் படும்படி தொங்கவிட்டாராம். மாத்தளையை விட்டு ரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் வளைவுகளில் பஸ் மூடுபனிக்குள் நுழைந்ததும் சீஸுக்குக் குளிரூட்டி கிடைத்துவிட்டது. மலையின் ரத்தோட்டைப் பக்கம் ஈரம், எங்கள் பக்கம் வறட்சி. இலுக்கும்புறவுக்கு இறங்கும்போது வெயில் காட்டத் தொடங்கும். அதற்குள் நம் ஊர் எல்லை வந்துவிட்டது. யுனெஸ்கோ 2010-ல் இந்த மலைகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது பல்லுயிர் வளத்தைத்தான் கணக்கில் எடுத்தார்கள். சீஸைக் காப்பாற்றிக் கொடுக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

குருயேருக்குப் பதில் அந்த வெள்ளித்தாள் முக்கோணங்களையே போட்டோம். மருமகளுக்கு முகம் சுருங்கியது. ஆனால் சமையல் கணக்கில் அது மட்டமான சாமான் இல்லை. பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கிற உப்புகள் இருக்கின்றன. அதனால் சூட்டில் பிரிந்து எண்ணெய் கக்காது. நல்ல செடாருக்குத்தான் அந்தக் கோபம் உண்டு. கொதிக்கிற சட்டியில் போட்டால் திரிந்து ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் சவ்வு என்று நிற்கும். இரண்டையும் கலந்தால் செடார் மணம் கொடுக்கும், முக்கோணம் குணம் கொடுக்கும். பாலுக்குப் பெட்டிப் பாலோ பால்மாவோ தேடவில்லை. சட்டித் தயிருக்காக எருமை வைத்திருக்கிற வீடு பக்கத்திலேயே இருக்கிறது. எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நட்சத்திர ஹோட்டல்காரன் கிரீம் ஊற்றிச் செய்கிற வேலையை எங்கள் ஊர் எருமை சும்மா நின்றுகொண்டே செய்துவிடுகிறது.

இனிக் கடல்.

மீன்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரிஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சந்தியில் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருவார். சாளை, கும்பலா, சில நாள் பாரை. தம்புள்ளை வழியாக வருகிற லொறியிலிருந்து எடுப்பதாகச் சொல்வார். ஐஸ் உருகி, மீன் தன் தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்குமுன் எங்கள் தெருவுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரிடம் போய்ச் சிங்க இறால் கேட்டோம். பெட்டி மூடியைத் திறந்தவர் திறந்தபடியே சிரித்தார். இத்தனை வருடம் மீன் விற்கிறாராம், சிங்க இறாலைத் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாராம். நண்டு கேட்டோம். நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூருக்குப் போகிறது என்று சிங்களத்தில் விளக்கினார். அது உண்மைதான். சிங்கப்பூர்க்காரர்கள் உலகத்துக்கே பெருமையடிக்கிற மிளகாய் நண்டுக்கு இலங்கைக் களப்பு நண்டு என்றால் தனி மதிப்பு. நம் நண்டு கடவுச்சீட்டு இல்லாமல் விமானம் ஏறிவிடுகிறது. லக்கலைக்கு ஒரு மலை ஏறத்தான் அதற்கு முடியவில்லை.

இறாலும் கணவாயும் முதல் நாளே சொல்லிவைத்தால் கொண்டுவரலாம் என்றார். சொன்னபடி கொண்டும் வந்தார். விலையை அம்மாவிடம் யாரும் சொல்லக்கூடாது என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

சிங்க இறால் இல்லாத குறையை எங்கள் வீட்டுக்காரர் தீர்த்துவைத்தார். நீர்த்தேக்கத்துப் பக்கம் வலை போடுகிற ஒருவரைப் பிடித்து, திலாப்பியா கேட்கப் போனவர், அதோடு நன்னீர் இறாலும் வாங்கிக்கொண்டு திரும்பினார். சாதாரண இறால் இல்லை. கை நீளம், அதைவிட நீளமாக இரண்டு நீலக் கொடுக்கு. மருமகள் கூவியே விட்டாள். "அத்தை! இது லொப்ஸ்டரோட தம்பி!"

"ஆனா இது சீஃபூட் இல்லையே" என்றார் வீட்டுக்காரர். கணக்கு வாத்தியார் புத்தி.

அங்கேதான் விவாதம் கிளம்பியது. இந்த இறாலின் குஞ்சு பொரித்து வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். அணைக்கு மேலே தேங்கிய நன்னீரில் அதனால் தலைமுறை தழைக்க முடியாது. அதனால் நக்டா என்கிற நீர்வாழ் உயிரினச் செய்கை அதிகாரசபை, பொரிப்பகத்தில் உப்புநீரில் குஞ்சு எடுத்து, நன்னீருக்குப் பழக்கி, பையில் அடைத்துக் கொண்டுவந்து குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் விடுகிறது. அப்படியானால் பிறந்தது உப்பில், வளர்ந்தது மலையடிவாரத்தில். இது கடல் சாமானா, குளத்துச் சாமானா? பிறந்த இடம் ஒன்று, பிழைத்த இடம் ஒன்று, நீ எந்த ஊர் என்று கேள்வி. மலையகத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன? எங்கள் தாத்தாவிடம் 1948-ல் சட்டம் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். 2003-ல் இன்னொரு சட்டம் போட்டுத்தான் கேட்டு முடித்தார்கள். இறாலையாவது அலைக்கழிக்க வேண்டாம் என்று நான் அன்றைக்கே சீஃபூட் குடியுரிமை கொடுத்துவிட்டேன்.

திலாப்பியாவுக்கு அது கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்க மீனாக இங்கே வந்து, எல்லாக் குளங்களிலும் குடும்பம் பெருக்கி, ஏழை வீட்டுச் சட்டிகளை நிரப்பின மீன். சீஸோடு சேர்த்தால் சேற்று வாடை தூக்கும் என்று தள்ளிவைத்து அன்றிரவே பொரித்துத் தின்றோம். சொல்லப்போனால் அந்த வாரம் சாப்பிட்டதில் அதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தப் பண்டத்தில் சல்லிக்காசு செலவில்லாமல் வந்தது சாதிக்காய் ஒன்றுதான். மாத்தளை மண்ணில் மிளகும் கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் வீட்டுக் கோடியிலேயே விளைகின்றன. ஏ-9 வீதியோரத்து வாசனைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர்களை நிறுத்திவைத்து ஒரு சாதிக்காயைக் காட்டிக் கால் மணி நேரம் பேசுவார்கள். வைட் சோஸுக்குச் சாதிக்காய் ஒரு சிட்டிகை துருவிப்போட வேண்டும் என்று பிரெஞ்சுச் சமையல் விதி. கனடாவில் சின்னப் போத்தலில் பொடியாக வாங்குகிறதை, பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மடி நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். நாங்கள் அதுவரை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உரைத்துக் கொடுக்கிறதுக்கு மட்டும் வைத்திருந்தோம். அம்மா ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப வயித்துக்கு ஆகாதுன்னு தெரிஞ்சேதான் மருந்தையும் சேர்த்துப் போடுறாளுக."

ஞாயிறு காலை அடுப்படியை மருமகளிடம் கொடுத்தோம். கைவாக்கு நன்றாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இறால் தலைகளைத் தூக்கி எறியாமல் பட்டரில் போட்டு நசுக்கி வதக்கினாள். தலைக்குள் இருக்கிற மஞ்சள் கொழுப்பு இறங்கி, பட்டர் செம்மஞ்சளானது. வடித்துவிட்டு அந்தப் பட்டரிலேயே அதன் எடைக்குச் சமமாக மா. தீயைக் குறைத்து, அகப்பையை எடுக்காமல் கிண்டினாள். பச்சை மா வாடை போய் வறுத்த வாடை எட்டிப் பார்த்த நொடியில், வெதுவெதுப்பான எருமைப் பாலைக் கொஞ்சம் ஊற்றினாள். சட்டியில் சீறிக் கட்டிபட்டுப் பந்தாகச் சுருண்டது. அம்மா "போச்சு" என்றார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் பால், இன்னும் கொஞ்சம் கிண்டல். பந்து இளகி, கூழாகி, பிறகு பட்டுத்துணி மடிப்பு மடிப்பாக விழுகிற பதத்துக்கு வந்தது. அகப்பையின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு கலையாமல் நின்றது. சட்டியை இறக்கிவைத்த பிறகுதான் சீஸ். சாதிக்காய், மிளகு, கடுகுத்தூள் கொஞ்சம்.

மக்கரோனியை முழுதாக வேகவிடாமல், நடுவில் ஒரு கடி மிச்சமிருக்கும்போதே வடித்தாள். இறாலையும் கணவாயையும் சூடான கல்லில் காட்டி எடுத்த அளவுதான். இறால் போறணையில் இன்னொரு முறை வேகும். இங்கேயே வெந்துவிட்டால் அங்கே ரப்பராகிவிடும். கணவாய் அதைவிட மானஸ்தன். ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அரை மணிக்கு மேல் வேகவிட வேண்டும். நடுவில் எடுத்தால் பல் வைத்தியரிடம் போக வேண்டியதுதான். நீலக் கொடுக்கு இறால் சிவந்து போயிருந்தது; அதைத் துண்டாக்கிப் போட்டாள். வடிகட்டிய இறால் தலைகளைத் தேடினால் காணவில்லை. அடுத்த அடுப்பில் அம்மா சொதி வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, பாண் தூளும் மிச்சச் சீஸும் தூவி, மருமகள் நிமிர்ந்தாள். "அத்தை, அவனை ஓன் பண்ணுங்க."

எங்கள் வீட்டு அவன் கல்யாணத்துக்கு வந்த பரிசு. அதற்குள் அப்பளப் பெட்டி, மல்லித்தூள் போத்தல், உத்தரவாத அட்டை, பழைய கரண்ட் பில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. சூடேற்றியதாக யாருக்கும் ஞாபகமில்லை. வீட்டு மின்சாரம் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணக் கணக்கு மாறிவிடும். எங்கள் வீட்டுக்காரர் மாதக் கடைசியில் மீற்றர் முன்னால் நிற்கிற நிலையைப் பார்த்தால் கோயில் குருக்கள்கூடத் தோற்றுப்போவார். அன்றைக்கு மாதக் கடைசி. 2,000 வாட் அவனை முக்கால் மணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும் என்று மனக்கணக்குப் போட்டார். போட்டுவிட்டு, "பேக்கரிக்குக் கொண்டு போவமா?" என்று அன்பாகக் கேட்டார்.

பேக்கரி முதலாளி நானா தமிழ் பேசுகிற முஸ்லிம். அவர் பேக்கரியில் விறகுப் போறணை. மின்சாரப் போறணை வைத்தால் பாண் விலையைக் கூட்ட வேண்டும், ஊர் ஏசும் என்று விறகை விடாமல் வைத்திருக்கிறார். பாண் எடுத்து, பணிஸ் எடுத்து, உள்ளே கங்கு வாரி முடிந்த நேரம். தட்டைப் பார்த்ததும் முதல் கேள்வி கேட்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உள்ள என்னென்ன இருக்கு?"

"இறால், கணவாய், சீஸ், பால். வேற ஒண்ணுமில்ல நானா."

சீஸ் உறையையும் கேட்டார். கொண்டுபோயிருந்தேன். புரட்டி ஹலால் குறியைப் பார்த்துவிட்டு, தலையாட்டினார். பிறகு வெப்பம் எவ்வளவு வேண்டும் என்று மருமகளிடம் கேட்டார். "முந்நூற்றி எழுபத்தஞ்சு ஃபரன்ஹைட், அங்கிள்." நானா சற்று நேரம் அவளைப் பார்த்தார். பலகையிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து போறணை வாய்க்குள் வீசினார். அது கல்லில் விழுந்து, வெள்ளையாய் இருந்து, மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் அடங்கணும். இப்ப வெச்சா மேல கரியும், உள்ள குளிரும்." தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். மறுபடி ஒரு சிட்டிகை. இந்த முறை நிறம் வர நேரமெடுத்தது. "இப்ப சரி" என்று நீண்ட காம்புப் பலகையில் தட்டை ஏற்றி உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தினார். மருமகள் கைபேசியில் மணி வைத்தாள். நானா கதவிடுக்கில் வருகிற வாசனையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். மணி அடிக்குமுன்பே கதவைத் திறந்தார். ஓரம் கொதித்துக் குமிழ்விட்டு, மேல்பக்கம் பொன்னிறத்தில் முறுகி, அங்கங்கே இறால் வால் நீட்டிக்கொண்டு தட்டு வெளியே வந்தது. பேக்கரிப் பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

கொதிக்கிற தட்டை மோட்டார் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது? நானாவின் பாண் ஓட்டோ பின்னேரச் சுற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் மேல் தட்டைக் காலி செய்து, மக்கரோனியை ஏற்றிக்கொடுத்தார். பாண் ஓட்டோ ஓடினால் பாட்டு ஓடியாக வேண்டும். நாட்டிலுள்ள பாண் ஓட்டோக்களில் பெரும்பாலானவை ஒலிக்கிற அதே பீத்தோவன் மெட்டு. ஜெர்மன் மேதை ஒருவர் ஒரு பெண்ணுக்காக எழுதிய பியானோ இசை என்பார்கள். இங்கே அது காதில் விழுந்தால் எல்லோரும் சில்லறை தேடுவார்கள். பட்டப்பகலில் பீத்தோவன் முழங்க எங்கள் மக்கரோனி ஊர்வலம் வந்தது. வழியில் எல்லா வாசலும் திறந்தன. பாண் வாங்க வந்தவர்கள் கண்ணாடிக்குள் பார்த்தார்கள்.

"இது என்ன? விலை என்ன?"

ஓட்டோக்காரப் பையன், "விக்கிறதில்ல. டீச்சர் வீட்டுக் கனடா சாமான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். விற்பனைக்கு இல்லை என்பதைவிடப் பெரிய விளம்பரம் எது? தட்டு வீட்டுக்கு வருமுன்பே அதில் பங்குக்கு ஆள் வந்துவிட்டது. சாதிக்காய் கொடுத்த அக்காவுக்கு ஒரு கிண்ணம், எருமைக்காரர் வீட்டுக்கு ஒரு கிண்ணம், இறால் பிடித்துக்கொடுத்தவருக்கு, மீன்காரருக்கு, ஓட்டோப் பையனுக்கு, நானாவுக்கு முறுகின மூலைத்துண்டு. பாதிச் சாமான் அவர்கள் கொடுத்தது, பங்கு கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு மிஞ்சியது ஆளுக்கு மூன்று கரண்டி.

ருசி? நன்றாகவே இருந்தது. முதல் கரண்டி சொர்க்கம். மேலே முறுமுறுப்பு, உள்ளே இறால் வாசம் ஏறின வழவழப்பு, நடுவில் கணவாய் ஒரு கடி. இரண்டாம் கரண்டியில் நாக்கு யாரையோ தேட ஆரம்பித்தது. மூன்றாம் கரண்டியில் வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கட்டச் சம்பல் போத்தலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. முதலில் தொட்டுக்கொண்டது கனடாக்காரிதான். சீஸின் கொழுப்பும் சம்பலின் எரிவும் ஒன்றையொன்று அடக்குகிறதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், ஊர் திரும்பும்போது ஒரு போத்தல் சம்பல் கட்டித்தரச் சொன்னாள். அம்மா மக்கரோனியை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "பிள்ள நல்லாத்தான் செஞ்சிருக்கு" என்றார். பிறகு தன் இறால் தலைச் சொதியை ஊற்றிச் சோறு சாப்பிட்டார். நானும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நானா கடையில் ஒரு புதுச் சாமான். மீன் பணிஸ் போலவே முக்கோணம், உள்ளே மக்கரோனி. சீஸ் போட்டால் கட்டுப்படியாகாது என்று மாஜரினும் மஞ்சளும்; இறாலுக்குப் பதில் டின் மீன்; வெட்டுத்தூள் மிளகாய் தாராளமாக. கண்ணாடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது, கனடா பணிஸ் என்று மூன்று மொழியிலும். பாடசாலை இடைவேளைக்குள் தட்டுக் காலி. மருமகளுக்கு என்று ஒன்றை மடித்து இலவசமாகக் கொடுத்தார். நான் வாங்கின மற்ற நாலுக்கும் காசை எண்ணி வாங்கிக்கொண்டார்.